சப்மிட் குடுத்தாச்சா?

மென்பொருள் கேட்டு வருகிறவர்களில் கேன்சல் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவரை நான் பார்த்ததில்லை. சப்மிட் அமுக்கினால் என்ன ஆக வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தருவார்கள்: எதெல்லாம் சேமிக்கப்பட வேண்டும், யாருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், ரசீதில் லோகோ எந்த மூலையில் வர வேண்டும். கேன்சலுக்கு ஒரு வரிகூட இருக்காது. கேட்டால், "அது சும்மா வெளியே வர்றதுதானே சார்" என்பார்கள். டெஸ்ட் செய்கிறவர்களும் ஒருமுறை அமுக்கிப் பார்த்து, முந்தைய பக்கம் வந்துவிட்டால் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வலைப் படிவங்கள் எழுதிப் பிழைக்கிறவன் நான். என்னைத் தூங்கவிடாமல் அடித்த புகார்களில் பாதிக்குமேல் அந்த 'சும்மா' பட்டனிலிருந்து வந்தவை.

சென்னையில் வேலை பார்த்தபோது இதெல்லாம் டிக்கெட் எண்களாகத்தான் என்னிடம் வந்து சேரும். யாரோ, எங்கோ, எதையோ அமுக்கியிருப்பார்கள். 2020 ஊரடங்கில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜெயமங்கலம் வந்தவன் அப்படியே இங்கே தங்கிவிட்டேன். பெரியகுளத்திலிருந்து வடுகபட்டி, மேல்மங்கலம் தாண்டி வருகிற ஊர். வராக நதிப் பாசனம், நெல், தென்னை. கடைத்தெருவில் மதினி ஒரு கணினி மையம் நடத்துகிறார். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவு போட்டோ, ரயில் டிக்கெட், சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், வேலைக்கு விண்ணப்பம் என்று எல்லாம் அங்கே நடக்கும். வீட்டில் கரண்ட் போனால் அங்கே இன்வெர்ட்டர் உண்டு என்பதற்காகத்தான் போக ஆரம்பித்தேன். போனபிறகு வேறொரு காரணம் கிடைத்தது. நான் எழுதுகிற மாதிரிப் படிவங்களை மனிதர்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்பதை முதல்முறையாகப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தேன்.

படிவம் எழுதுகிறவன் மனதில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். அவருக்குத் தன் விவரம் தெரியும், மவுஸும் அவர் கையில் இருக்கும், ஓடிபி வருகிற செல்போனும் அவர் சட்டைப்பையில் இருக்கும். மதினி கடையில் இந்த மூன்றும் மூன்று பேரிடம் இருக்கின்றன. விவரம் மஞ்சப்பையோடு மேசைக்கு எதிரே நிற்கிற தகப்பனிடம். மவுஸ் மதினியிடம். செல்போன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிற மகனிடம். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு மே, ஜூனில் போய்ப் பார்த்தால் கூட்டம் ரோடு வரை நிற்கும். திரை மதினியின் பக்கம் திரும்பியிருக்கும். எதிரே நிற்கிறவருக்கு மானிட்டரின் முதுகுதான் தெரியும். அதனால் அவர் கேட்பது ஒரே கேள்வி: "என்னா தாயி, சப்மிட் குடுத்தாச்சா?"

"இருங்க சித்தப்பா, ஓடிபி வரணும். ஒங்க மகன் போனை எடுக்கமாட்டேங்குறான்."

அந்த இடைவெளியில் படிவம் பாதி நிரம்பி அப்படியே நிற்கும். அடுத்த ஆள் அவசரம் என்பார். மதினி இன்னொரு டேபைத் திறந்து அவருடைய வேலையைத் தொடங்குவார். திரும்பி வரும்போது முதல் படிவத்தில் 'உங்கள் அமர்வு முடிந்தது' என்று செய்தி நிற்கும். அடித்ததெல்லாம் போயிருக்கும். யாரும் கேன்சலை அமுக்கவில்லை. கணினி தானாகவே அமுக்கிக்கொண்டது. இதைப் பார்த்த பிறகுதான் என்னுடைய எல்லாப் படிவங்களிலும் அடிக்க அடிக்க வரைவாகச் சேமித்துக்கொண்டே போகும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினேன். கேன்சல் அமுக்கினால்கூட, ஏதாவது அடித்திருந்தால் மட்டும் 'வரைவாக இருக்கட்டும்', 'அழித்துவிடு' என்று கேட்கும். ஒன்றுமே அடிக்காதவரிடம் 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?' என்று கேட்கிற படிவத்தைப் போல எரிச்சல் ஊட்டுவது வேறில்லை. டேபையே மூடுகிறவரை எச்சரிக்கலாம்தான். ஆனால் அந்த எச்சரிக்கைப் பெட்டியில் நம் வாசகத்தை எழுதவிடாமல் குரோம் 2016லேயே நிறுத்திவிட்டது. தளங்கள் அதை வைத்து ஆட்களை மிரட்டிக்கொண்டிருந்தன.

என்டர் விசைக்கு வருகிறேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வடுகபட்டிப் பூண்டுக் கமிஷன் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்களிடம் கற்றேன். அவர்களுக்குக் கணினி என்றால் டாலி. 1986இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள். நம் ஊர்களில் கணக்கு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. டாலியில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக என்டர் தட்ட வேண்டும். தேதி, என்டர். பார்ட்டி பெயர், என்டர். தொகை, என்டர். கடைசிக் கட்டமும் முடிந்தபிறகுதான் 'ஏற்கவா, ஆமா, இல்லையா' என்று கேட்கும். நடுவில் வெளியேற எஸ்கேப் தட்டினாலும் 'விட்டுவிடவா' என்று கேட்டுவிட்டுத்தான் விடும். பத்து வருஷம் அதில் விரல் பழகியவர் வலைப் படிவத்துக்கு வந்தால் என்ன ஆகும்? பெயரை அடிப்பார், என்டர் தட்டுவார், படிவம் போய்விடும். வலைப் படிவத்தில் ஒற்றை வரிக் கட்டத்தில் இருந்துகொண்டு என்டர் தட்டினால் சப்மிட் என்று அர்த்தம்.

அதிலும் ஒரு உள்குத்து இருக்கிறது. ஒரு படிவத்தில் சப்மிட் வகைப் பட்டன்கள் இரண்டு மூன்று இருந்தால், என்டர் தட்டும்போது எது அமுங்கும்? திரையில் பெரிதாக, பச்சையாக இருப்பது அல்ல. எழுதிய நிரலில் எது முதலில் வருகிறதோ அது. வடிவமைப்பாளர் கேன்சல் இடதுபக்கம், சேமி வலதுபக்கம் என்று படம் போட்டுக் கொடுப்பார். நிரல் எழுதுகிறவர் அதே வரிசையில் கேன்சலை முதலில் எழுதுவார். அதற்கும் சர்வரில் வேலை இருக்கிறது என்று சப்மிட் வகையாகவே வைப்பார். மவுஸில் அமுக்குகிறவருக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும். கடைசிக் கட்டத்தில் செல் நம்பரை அடித்துவிட்டு நம்பர் பேடிலேயே என்டர் தட்டுகிற கணக்குப்பிள்ளைக்கு மட்டும் எல்லாம் அழிந்துபோகும். அவர் போன் செய்து, "தம்பி, ஒங்க புரோகிராமு சேவ் ஆகமாட்டேங்குது" என்பார். நாம் இங்கே மவுஸில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆகுதே அண்ணே" என்போம். இப்படி மணிக்கணக்கில் பேசிய அனுபவம் இந்தத் தொழிலில் பலருக்கும் இருக்கும். என் வழக்கம் இதுதான்: நிரலில் சேமிப்பது முதலில், கேன்சல் அடுத்து, திரையில் எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றிக்கொள்ளட்டும். கமிஷன் கடைக்கு எழுதும் படிவங்களில் என்டரை அடுத்த கட்டத்துக்குத் தாவும்படி மாற்றிவிடுகிறேன். வலையின் மரபுக்கு இது ஒவ்வாது என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மரபைப் பார்த்தால் கணக்குப்பிள்ளையின் விரல் சும்மா இருக்குமா?

எந்தப் பட்டன் எந்தப் பக்கம் என்ற சண்டை இதைவிடப் பழையது. விண்டோஸில் ஓகே இடது, கேன்சல் வலது. மேக்கில் கேன்சல் இடது, ஓகே வலது. இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஒரே மென்பொருளுக்குள் ஒரு பக்கத்தில் இப்படியும் அடுத்த பக்கத்தில் அப்படியும் வைக்காமல் இருந்தால் போதும். ரீசெட் என்று ஒரு மூன்றாவது பட்டன் இருந்ததே, அதைப் பற்றித்தான் சண்டையே தேவையில்லை. வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லின் ஆரம்ப காலத்திலிருந்து இருக்கிறது, அமுக்கினால் நிரப்பியதெல்லாம் போகும். பெரும்பாலான வலைப் படிவங்களுக்கு இது வேண்டாம் என்று வலைத்தளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000லேயே எழுதினார். இன்னமும் சில தளங்களில் சப்மிட்டுக்கு ஒட்டினாற்போல அதே நிறத்தில் அதை வைத்திருக்கிறார்கள். மதினி அப்படிப்பட்ட பக்கங்களில் மவுஸை அந்தப் பக்கமே கொண்டுபோக மாட்டார்.

என் கைக்குப் பராமரிப்புக்காக வந்த ஒரு மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கிற ஒரு சங்கம்; பெயர் வேண்டாம். யாரும் தொடாத உறுப்பினர் விவரங்கள் அவ்வப்போது மாறிப்போகின்றன என்பது புகார். ஒருவருடைய செல் நம்பர் இன்னொருவருக்கு வந்திருக்கும். நிலத்தின் சென்ட் கணக்கில் ஒரு இலக்கம் கூடியிருக்கும். வைரஸ் என்றார்கள், பழைய ஊழியர் வேலை என்றார்கள், கடவுச்சொல்லையெல்லாம் மாற்றினார்கள். பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் திருத்தங்கள் எல்லாம் ஒழுங்கான பயனர் பெயரில், அலுவலக நேரத்தில் நடந்திருந்தன. அந்த ஊழியர் சத்தியம் செய்தார்: "நான் கேன்சல்தான் சார் குடுத்தேன்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0இல் பட்டன் என்ற உறுப்பு சேர்க்கப்பட்டது. படிவத்துக்குள் அதை வைத்து, அது எந்த வகை என்று எழுதாமல் விட்டால், பிரவுசர் அதை சப்மிட் என்றே எடுத்துக்கொள்ளும். மேலே 'கேன்சல்' என்று எழுதியிருப்பது நமக்குத்தான். பிரவுசருக்கு அது வெறும் எழுத்து. அந்த மென்பொருளில் கேன்சலுக்கு வகை எழுதவில்லை. அமுக்கினால் பட்டியல் பக்கத்துக்குப் போகச் சொல்லும் ஒரு வரி ஸ்கிரிப்ட் மட்டும் இருந்தது. அமுக்கும்போது அந்த வரியும் ஓடும், படிவமும் சர்வருக்குப் போகும், போகிற இரண்டில் படிவம்தான் ஜெயிக்கும். சர்வர் விவரத்தைச் சேமித்துவிட்டு அதே பட்டியல் பக்கத்துக்கு அனுப்பும். கேன்சல் அமுக்கினவர் எதிர்பார்த்ததும் பட்டியல் பக்கம்தான். வந்த பக்கம் சரியாக இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

புதிய உறுப்பினர் படிவத்தில் இது நடக்கவில்லை. அங்கே கட்டாயக் கட்டங்கள் காலியாக இருந்ததால், பிரவுசர் படிவத்தை அனுப்பாமல் தடுத்துவிடும், பட்டியலுக்குப் போகச் சொல்லும் வரி மட்டும் ஓடும். திருத்தப் படிவத்தில் எல்லாக் கட்டமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், தடுக்க ஆளில்லை. நம்பர் ஒன்றைப் பார்ப்பதற்காகத் திறந்து, கைபட்டு எதையோ அடித்து, 'ஐயோ வேண்டாம்' என்று கேன்சல் கொடுத்தால் அந்தத் தவறு பத்திரமாகச் சேமிக்கப்பட்டது. பட்டனுக்கு வகை என்ன என்று ஒரு சொல் சேர்த்தேன், சரியாகிவிட்டது. நானாக எழுதினால் கேன்சலைப் பட்டனாகவே வைப்பதில்லை. பட்டியல் பக்கத்துக்குப் போகிற சாதாரண இணைப்பாக எழுதி, பார்வைக்குப் பட்டன் மாதிரி உடுத்திவிடுவேன். இணைப்புக்குப் படிவத்தை அனுப்பும் வல்லமை கிடையாது.

கேன்சலுக்கு சர்வர் வரை போகிற தேவை இருக்கும்போது இன்னொரு கூத்து. வெளியேறுகிறவரிடம் 'பெயரை நிரப்பு, பின்கோடு தப்பு' என்று மல்லுக்கட்ட முடியாது என்பதால், கேன்சல் அமுக்கினால் சரிபார்ப்பைத் தாண்டிவிட எல்லாக் கருவிகளிலும் வழி வைத்திருக்கிறார்கள். ஏஎஸ்பி டாட் நெட்டில் உண்டு, எச்டிஎம்எல் 5இலும் உண்டு. ஜாவா உலகில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ஸ்ட்ரட்ஸ் என்ற கட்டமைப்புதான். அதில் கேன்சல் அமுக்கியதற்கு அடையாளமாக ஒரு குறிப்பிட்ட பெயர் கோரிக்கையோடு போகும். அந்தப் பெயரைப் பார்த்ததும் ஸ்ட்ரட்ஸ் சரிபார்ப்பை விட்டுவிடும். எழுதியவரோ 'கேன்சலா?' என்று கேட்காமல் நேராகச் சேமிக்கப் போயிருப்பார். விளைவு, கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் அந்தப் பெயரைக் கையால் சேர்த்து அனுப்பினால், எந்தக் குப்பையையும் சரிபார்ப்பில்லாமல் உள்ளே தள்ளலாம். 2006இல் இதைப் பாதுகாப்புக் குறையாகவே பதிவுசெய்து, 1.2.9 பதிப்பில் அடைத்தார்கள். திரையில் கேன்சலே இல்லாத பக்கங்களுக்கும் இந்த ஓட்டை இருந்தது என்பதுதான் அழகு.

சப்மிட்டுக்கும் தன் பங்கு வில்லங்கம் உண்டு. டெஸ்க்டாப் ஐகானை இரண்டு தட்டு தட்டித் திறந்து பழகியவர்கள் எல்லாவற்றையும் இரண்டு தட்டுத்தான் தட்டுவார்கள். சிக்னல் மந்தமாக இருக்கும்போது, "சுத்திக்கிட்டே இருக்கு, இன்னொருக்கா அமுக்குவமா?" என்று எதிரே நிற்கிறவரே யோசனை சொல்வார். சான்றிதழுக்கு 60 ரூபாய் கட்டணம். இரண்டு முறை போனால் அந்த இரண்டாவது அறுபதை மதினி தன் கல்லாவிலிருந்து தர வேண்டியிருக்கும். பணம் போய் வேலை நடக்காத பரிவர்த்தனைகளுக்குக் கெடுவும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இரண்டு முறை வெற்றிகரமாகப் போன பணத்துக்கு அது உதவாது. அமுக்கியவுடன் பட்டனை மங்கச் செய்வது எல்லோரும் செய்கிற வைத்தியம். ஆனால் மங்கிய பட்டனின் பெயர் சர்வருக்குப் போகாது. 'சேமி'யா 'சேமித்து அனுப்பு'வா என்று தெரியாமல் சர்வர் முழிக்கும். அதனால் படிவம் திறக்கும்போதே ஒரு ஒற்றைப் பயன்பாட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, அதே எண் இரண்டாவது முறை வந்தால் புதிதாகச் செய்யாமல் முதல் ரசீதையே திருப்பித் தருகிறேன். வாங்கியபின் 303 என்ற பதிலோடு ரசீதுப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், ரீஃப்ரெஷ் செய்தாலும் மறுபடி போகாது. பட்டனின் மங்கல், பார்க்கிறவர் மனநிம்மதிக்கு.

'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டியை நான் நம்புவதில்லை. 2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி வங்கியில் நடந்தது தெரிந்திருக்கலாம். ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் போக வேண்டியது; அசலும் சேர்ந்து 90 கோடி டாலர் அளவுக்குப் போய்விட்டது. ஃப்ளெக்ஸ்க்யூப் என்ற மென்பொருளில் அசல் வெளியே போகாமல் இருக்க மூன்று கட்டங்களை டிக் செய்ய வேண்டும், ஒன்றைத்தான் செய்திருந்தார்கள். உள்ளிட ஒருவர், பார்க்க ஒருவர், ஒப்புதலுக்கு ஒருவர் என்று மூவர் கண் பட்டது. அதில் பார்த்தவர் சென்னையில் இருந்தவர். பணம் வங்கியை விட்டு வெளியே போகப்போகிறது, தொடரவா என்று திரை கேட்கவும் செய்தது. ஆனால் எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டி வெளியே போகத்தானே வேண்டும்? ஆமாம் என்று அமுக்கியிருக்கிறார்கள். திருப்பித் தராதவர்களிடம் மாட்டிய ஏறத்தாழ 50 கோடி டாலருக்காக வங்கி 2022 வரை நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அந்தத் திரையை எழுதியவர்களை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அந்த மாதிரிப் பெட்டிகளை நாள்தோறும் பார்க்கிறேன்.

மதினி கடைக்காக அல்ல, ஆனால் அங்கே பார்த்ததை வைத்து என் உறுதிப்படுத்தும் பக்கத்தை மாற்றினேன். கேள்வியே கேட்காது. தப்பு நேர்கிற நாலு விஷயத்தை மட்டும் பெரிய தமிழ் எழுத்தில் காட்டும்: பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, செல் நம்பர். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், மாற்றுச் சான்றிதழில் முன்னால் இருக்கும். வில்லங்கம் அங்கேதான் தொடங்கும். மானிட்டரை எதிரே நிற்கிறவர் பக்கம் திருப்பினால் அவர் எட்ட நின்றே படிக்க வேண்டும் என்பது கணக்கு. படிக்கத் தெரியாதவருக்கு மதினி வாய்விட்டுப் படிப்பார். பட்டனிலும் ஓகே, கேன்சல் கிடையாது. 'அனுப்பு' என்று ஒன்று, 'திருத்தணும்' என்று ஒன்று. ரயில் டிக்கெட் ரத்து செய்கிற பக்கத்தில் கேன்சல் என்று மொட்டையாக ஒரு பட்டன் வைத்தால் யாருக்குத்தான் புரியும்?

ஒரு விஷயத்தில் அரசுப் படிவம் ஒன்றைப் பார்த்து எனக்குப் பொறாமை. பொறியியல் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்கு வந்தது. அதுவரை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி படுக்கையோடு சென்னை போய்வர வேண்டும். இப்போது ஒதுக்கீடு வந்ததும் ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் கேட்பதில்லை. ஏற்றுச் சேர்கிறேன்; ஏற்கிறேன், மேலே ஒன்று காலியானால் அதற்குப் போகிறேன்; இது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் வேண்டும்; இந்தச் சுற்று வேண்டாம், அடுத்ததைப் பார்க்கிறேன்; மொத்தமாக விலகுகிறேன். 'வேண்டாம்' என்பதற்குள் இத்தனை வேண்டாம்கள் இருக்கின்றன என்பதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பிள்ளைகள் குழம்பத்தான் செய்கிறார்கள், மதினியிடம் வந்து "அக்கா, எதைக் குடுக்க?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ஒற்றைக் கேன்சலில் அதுவும் இருந்திருக்காது.

சப்மிட்டுக்குப் பிறகு வருகிற கேன்சல்தான் இப்போது நான் அதிகம் யோசிப்பது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற 30 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம். அது நிஜத்தில் திரும்பப் பெறுவது அல்ல. அதுவரை அனுப்பாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதியபோது அப்படி ஒன்று வைக்கலாம் என்றேன். பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே விண்ணப்பம் காணாமப் போனா?" அவர் கேட்பதும் நியாயம். விநாடிக் கணக்கும் இங்கே சரிப்படாது. திருப்பூர் மகன் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கூப்பிட்டு, "அப்பா, அது என் பழைய நம்பரு" என்று சொல்லும்போதுதான் தப்பே தெரியவரும். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: பொறுப்பாளர் விண்ணப்பத்தைத் திறக்கும்வரை திரும்பப் பெறலாம், திறந்தபின் முடியாது.

இதில் அவர் திறப்பதும் இவர் திரும்பப் பெறுவதும் ஒரே நொடியில் நடந்தால்? விண்ணப்பத்தின் நிலை 'புதியது' என்று இருந்தால் மட்டும் மாற்று என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்துவிட்டால், இருவரில் ஒருவருக்குத்தான் அது பலிக்கும். மற்றவருக்கு ஒரு செய்தி காட்ட வேண்டும். தோற்ற விண்ணப்பதாரருக்கான வாசகத்தை நான் 'தங்கள் கோரிக்கையைத் தற்போது செயல்படுத்த இயலவில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். மதினி அதைப் படித்துவிட்டு, "இதைப் பாத்தா எங்க ஆளுக சர்வர் டவுன்னு நெனச்சு திரும்பத் திரும்ப அமுக்குவாக தம்பி" என்றார். இப்போது திரையில் இருப்பது அவர் சொன்னது: 'ஆபீசர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாற்ற வேண்டுமானால் நேரில் போய்ச் சொல்லுங்கள்.' கீழே அலுவலக முகவரி, நேரம், பட்டன் கிடையாது.